பதினெட்டு டிகிரியில் மூன்று மீன்கள்

கொல்லயில்,
சனிக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான தங்கபாய் மாமிக்கு மருமகன் ஜிபின் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மூன்று மீன்களும் சுகம். அங்கே உங்கள் மூட்டுவலியும் மைத்துனன் ஜெனிஸும் எப்படி என்று எழுதவும். போனில் பேசினால் ரெண்டு பேரும் அழுது விஷயம் தீராமல் போகிறது, அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். உங்கள் மகள் கர்த்தரிடம் போய் நாலு மாதம் ஆகிறது. ஜோஸ்னா விட்டுப்போன மீன்தொட்டியை இனி நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். ரெண்டு மாதத்துக்குக் கரண்டு பில் எண்ணூற்றிப் பத்து யூனிட் வந்திருக்கிறது. களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் உங்களுக்கு முதல் நூறு யூனிட் சும்மாவாக்கும். இந்தப் பக்கம் கேரளத்தில் மீன் வாலாட்டினாலே மீட்டர் ஓடுது.

தொட்டி மோட்டர் ஆறு வாட்ஸ், விளக்கு பத்து. அது ஒரு கணக்கே இல்ல. நெய்யாற்றின்கரை முழுக்க இன்வெர்ட்டர் ரிப்பேர் பண்றவன், எனக்குத் தெரியாதா? தின்னுறது ஏசி. மார்ச்சுல நாலாவது மீன் செத்து மிதந்தப்போ கடைக்காரர், "வெள்ளம் சூடாயிருக்கும் மக்கா, ஏஞ்சல் மீனு தாங்காது"ன்னார். அன்னைக்குத் தொட்டி இருக்கிற ரூம்ல ஏசி போட்டவன் இன்னும் அணைக்கல்ல. இருபத்தாறுல வச்சேன், தொட்டி தெர்மாமீட்டர் இருபத்தெட்டு காட்டிச்சு. இருபத்திரண்டுல வச்சேன், அதே இருபத்தெட்டு. இப்போ பதினெட்டு, மாமி! ரெண்டு கம்பளி மூடி பல்லு கிடுகிடுக்க எழுதறேன், வெள்ளம் அசையாம இருபத்தெட்டுல நிக்குது. வேற தெர்மாமீட்டர் வாங்கிப் போட்டேன், அதுவும் அப்படியே. படிச்ச எந்தப் புத்தகத்துலயும் இது இல்ல, பயமா கிடக்கு. கரண்டு மிச்சம் பிடிக்க ஃபிரிட்ஜை அணைச்சேன், நீங்க கொடுத்துவிட்ட சாளை மீன்கறி கெட்டுப்போச்சு. இஸ்திரியும் நிறுத்தியாச்சு, கசங்கின சட்டையோட போனா வேலையிடத்துல ஒருத்தரும் கிண்டல் பண்ண மாட்டேங்காங்க, அதுதான் சங்கடம். மூணுல குண்டு மீனுக்கு ஜோஸ்னா உங்க பேருதான் வச்சிருக்கா, வாய் ஓயாதுன்னு. கோவப்படாதீங்க. அந்தத் தங்கபாய் நேத்து தீனி எடுக்கல்ல. பில்லை எப்படியும் கட்டிரலாம் மாமி. அவ கைப்பட வாங்கின உசிரு இனி மூணுதான் உண்டு. அதுவும் என் கையில இருந்து போயிட்டா உங்க முகத்துல எப்படி முழிப்பேன்? அடுத்த ஞாயிறு ஆராதனை கழிஞ்சதும் ஜெனிஸை வண்டியோட அனுப்புங்க.

உங்கள் வீட்டுக்கும் கால்களுக்கும் கர்த்தர் பலம் தரட்டும்.

மருமகன்,
ஜிபின்

பி.கு.: கவரை ஒட்டுறதுக்குள்ள, பக்கத்து வீட்டுக்கு மீட்டர் பார்க்க வந்த கிருபாபாய் அக்கா குடிக்க வெள்ளம் கேட்டு ஏறினாங்க. "இதென்னலே, ஐஸ் பாக்டரியா?"ன்னு தொட்டிகிட்ட குனிஞ்சவங்க, "செடிக்குப் பின்னால சுவப்பா எரியுதே, அது என்ன?"ன்னாங்க. ஹீட்டர், மாமி. போன மழைக்காலத்துல ஜோஸ்னா வாங்கி, இருபத்தெட்டுல வச்சு, பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால ஒளிச்சிருக்கா. நான் வெளிய குளிர வைக்க, அவ ஹீட்டர் உள்ள சூடாக்க, மூணு மாசமா போட்டி நடந்திருக்கு. "நீ இன்வெர்ட்டர் பிட்டர்னு வெளிய சொல்லாத மக்கா. புருசன் பொஞ்சாதி உள்ள எல்லா வீட்டுலயும் இதே சண்டைதான்"னு சிரிச்சவங்க, சட்டுனு வாயைப் பொத்திட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்திட்டு மாமி. நாலு மாசத்துல முதல் தடவை.

ஏசிய அணைச்சாச்சு. ஹீட்டரை எடுக்கல்ல, அவ வச்ச இருபத்தெட்டு அப்படியே கிடக்கட்டும். அக்கா போட்ட தீனியைத் தங்கபாய் தின்னாச்சு. ஜெனிஸ் வண்டி கொண்டு வர வேண்டாம், மீனைத் தர மாட்டேன். நீங்க வாங்க. மீனைப் பார்க்கன்னு சொல்லியாவது வாங்க.