அழிந்த மொழிக்கு அரசு மரியாதை

மேகங்களுக்கு மேலே, லாமாக்கள் சுமை தூக்கும் மலைகளில் ஓர் அரசு இருந்தது. அங்கே ஊக்கா என்றொரு மொழிக்குடும்பம். அதில் நான்கு மொழிகள் தாமாகச் செத்துப்போயின. ஐந்தாவது சாகத் தாமதித்ததால், அரசர் ஆணையிட்டு அதையும் அழிந்ததாக அறிவித்தார். பளிங்கில் நினைவுத்தூண் எழுந்தது. தூணுக்காக உப்புக்கு வரி போட்டார்கள். நினைவுநாள் மௌனத்தின்போது இருமியவர்கள் சிறைக்குப் போனார்கள். 'கடைசிப் பேச்சாளர்' என்ற பதவி அமைச்சரின் மைத்துனருக்குக் கிடைத்தது. அவருக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

மலைச்சரிவில் அமாருவும் அவன் மனைவி கில்யாவும் அந்த மொழியில்தான் தினமும் சண்டை போட்டார்கள். ஒரு காய்ச்சலில் கில்யா போய்விட்டாள்.

ஊக்கா வழக்கப்படி, புதைக்கும்போது வாழ்க்கைத்துணை தங்கள் மொழியிலேயே வாய்விட்டுத் திட்ட வேண்டும். திட்டு வாங்காத உயிர் கிளம்பாது. அமாரு அனுமதி கேட்டுப் போனான்.

"அழிந்த மொழியைப் பேசினால் அரசர் பொய்யராகிவிடுவார். பெருங்குற்றம்!" என்றார் அமைச்சர்.

"ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போயிடறேன் ஐயா. அவ காத்துக்கிட்டு இருப்பா."

"அதற்குத்தான் பதவியில் ஆள் இருக்கிறாரே!"

மைத்துனர் மேளதாளத்துடன் வந்தார். குழிக்கு முன் நின்று, "ஜிக்கா புக்கா லொக்கா!" என்று முழங்கினார். அழும்படி உத்தரவு இருந்ததால் கூட்டம் அழுதது.

அமாருவுக்குப் பொறுக்கவில்லை. தன் மொழியில் கத்தினான்: "அடியே குறட்டைக்காரி! அடிப்பிடிச்ச சட்டிய என் தலையில கட்டிட்டு எங்கடி ஓடுற? போ, திரும்பிப் பாக்காத!"

காவலர்கள் பாய்ந்தார்கள். "என்ன சொல்கிறான்?" என்று மைத்துனரைக் கேட்டார் அமைச்சர்.

தெரியாது என்றால் பதவி போய்விடும். "அரசர வாழ்த்தறான் அத்தான். ரொம்பப் பழைய வாழ்த்து."

எழுத்தர் காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதிக்கொண்டார். அந்த மாதமே அது நாட்டின் வாழ்த்துப்பாடல் ஆனது. பாடாத வீட்டுக்கு உப்பு கிடையாது.

அரண்மனை விழாவில் அரசர் நெஞ்சில் கைவைத்து, கண் கலங்க, அடிப்பிடித்த சட்டியைப் பாடினார். வாழ்த்தைத் தந்தவன் என்று முன்வரிசையில் நிறுத்தப்பட்டிருந்த அமாரு சிரித்துவிட்டான். கில்யா போனபின் அவன் சிரித்தது அப்போதுதான்.

"வாழ்த்துப்பாடலில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று விசாரணையில் கேட்டார் நீதிபதி.

"கில்யா கேட்டிருந்தா இன்னும் சத்தமா சிரிச்சிருப்பா."

"ஆக, ஒரு கூட்டாளி இருக்கிறாள். எங்கே அவள்?"

"சொல்லாமப் போயிட்டாய்யா."

எங்கிருந்தாலும் பிடித்துவரும்படி நீதிபதி காவலர்களை அனுப்பினார்.

அமாரு விலங்கோடு வாசல்வரை அவர்கள் பின்னாலேயே போனான்.

"கெடச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றான்.