திறப்பு விழா காணாத வயிறு

குழந்தைகளின் வயிற்றை நீவிவிட்டால் செரிமானம் சீராகும் என்று மேலிடத்தில் முடிவானதால், கருங்குழி கல்யாண மண்டபத்தில் அதற்கொரு முகாம் போட்டார்கள்.

என் மகள் சஹானாவுக்கு முந்தாநாளிலிருந்து வெளிக்கே போகவில்லை. வயிறு மத்தளம் மாதிரி இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். முகாம் எழுத்தர் மோகனுக்கு எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"இன்னும் போவலயா? சூப்பரு! நீதாம்மா முதல் பயனாளி. தொறந்து வெக்க வர்ற ஆபீசர் ஐயாதான் மொதல்ல நீவுவாரு. அதுவரிக்கும் வயித்துல யாரும் கை வெக்கக் கூடாது."

"அழுவுதுண்ணா."

"அழட்டும். போட்டோல நல்லா விழும்."

மாமல்லபுரம் ரிசார்ட்டிலிருந்து வந்த ஜாய்ஸ் மேடம் வாசனை மெழுகுவத்தி ஏற்றி, புல்லாங்குழல் பாட்டு போட்டு, ஒரு பொம்மையின் வயிற்றில் நீவிக் காட்டினார். பொம்மை ஒத்துழைத்தது. ஐயா வரவில்லை. எண்ணெய் ஆறியது. சுடவைத்தார்கள். மறுபடியும் ஆறியது. பிள்ளைகள் அலற, அம்மாக்கள் நாங்கள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தோம்.

சஹானா முகம் சிவந்து வீறிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. துண்டால் மூடிக்கொண்டு, பொம்மைக்குச் செய்தபடியே, தொப்புளைச் சுற்றிக் கடிகாரம் சுற்றுகிற பக்கமாக மெல்ல நீவினேன். மடமடவென்று போய்விட்டாள். ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத் தூங்கியும் போனாள்.

மோகன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னாம்மா பண்ணிக்கீற? ஐயா வர்றதுக்குள்ள எப்டி போவும்? பேனர்ல ஐயா பேரு போட்டுட்டமே!"

"போய்ட்ச்சுண்ணா."

"தொடச்சிடு. யார்கிட்டயும் மூச்சு வுடாத."

அந்நேரம் உயர் அலுவலர் தாமோதரன் ஐயா வந்தார். குத்துவிளக்கேற்றி, உரையாற்றி, தூங்குகிற சஹானாவின் வயிற்றை முறைப்படி நீவித் துவக்கி வைத்தார். கைதட்டினோம். பிறகு எல்லோரும் பலனுக்காகக் காத்திருந்தோம். ஐயா இன்னொரு தடவை நீவினார்.

"என்னய்யா மோகன், ஒண்ணும் வரலையே?"

"வரும் சார்."

"எப்பய்யா?"

மோகன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஐயா மைக்கைப் பிடித்தார். "மேற்படி வயிற்றில் மேற்படி முறை பலனளிக்கவில்லை என்பது பொதுமக்கள் முன்னிலையில் கண்டறியப்பட்டது. குழு அமைத்து ஆராயும்வரை எந்தத் தாயும் எந்த வயிற்றையும் நீவக் கூடாது!"

எல்லோரும் தலையாட்டினார்கள். அலறுகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். பக்கத்து வீட்டு பிரதீபா அக்கா, தூங்குகிற சஹானாவைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"பாவம்டி. ஐயாவே நீவியும் இதுக்குப் போவல. எங்க புள்ளைங்களுக்காச்சும் அழுவ தெம்பு கீது."

கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சஹானாவின் தொடையில் லேசாகக் கிள்ளினேன். வீலென்று கத்தினாள்.

அப்பாடா என்றிருந்தது.