படகுக்கு நான் போட்ட பலகைத் தரை

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்கிறவனுக்கு நீச்சலாவது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டுமே தெரியாது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கெலிஓயாவில் ஒரு மரக்கடையில் தச்சு வேலை. கண்டியில் இரண்டு வீடுகளுக்குப் பலகைத் தரை போட்டிருந்தேன். அந்தத் திமிரில் நடந்துகொண்டிருந்தபோதுதான் நிஸ்தார் நானா கடைக்கு வந்தார். தெல்தெனியப் பக்கம் நீர்த்தேக்கத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்ல ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கியிருந்தார். அதற்குள் விரித்திருந்த கார்பெட் நைந்து, ஊறி, மழையில் நனைந்த ஆடு மாதிரி நாறியது.

"இத உரிச்சி எறிஞ்சிட்டு பலக போடோணும். போட் வேல தெரியுமா தம்பி?"

"என்ன நானா இப்படிக் கேட்டுட்டீங்க? திருகோணமலையில எத்தனை போட் பாத்திருக்கேன்!"

(பார்த்தது உண்மைதான். பஸ் ஜன்னல் வழியாக.)

கார்பெட்டை உரித்தேன். அடியில் ஒட்டுப்பலகை. அதற்கும் படகின் அடிப்பாகத்துக்கும் நடுவே வெற்றிடம். உள்ளே கசிகிற தண்ணீரை இறைப்பதற்கு நடுவில் தட்டு அளவில் ஒரு மூடி இருந்தது. அது என் பலகை வரிசையின் அழகைக் கெடுத்ததால் அதற்கு மேலேயே பலகையைப் போட்டுவிட்டேன். முன்பக்கம் ஆறு திருகாணிகள் வரிசை தப்பி நின்றன. கழற்றிவிட்டு, துளைகளில் மரத்தூளையும் வெள்ளைப் பசையையும் குழைத்து அடைத்தேன். முன்பக்கத்தில் படகின் அடி வளைந்து மேலே வருகிறது, என் நீளத் திருகாணிகள் அதையும் துளைத்திருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் மேலே நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் பலாப் பலகை, மூன்று பூச்சு பொலிஷ். முகம் தெரிந்தது. என் முகம்தான்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் கோகிலா. அப்பா பெரியசாமி, ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவர். "பையனோட வேலைய ஒருதரம் பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றாராம். நிஸ்தார் நானா பெரிய மனதோடு, "முதல் ஓட்டத்துக்கு அவங்களையே கூட்டி வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் மகளும் சோற்றுச் சட்டியோடு வந்து இறங்கினார்கள். நான் முன்னதாகவே வந்து தரையைத் துடைத்திருந்தேன். நிறம் மங்கிய மிதவை அங்கிகள் நான்கும் பலகைக்குப் பொருத்தமில்லாமல் இருந்ததால், அவற்றைக் கரையில் ஒரு மரத்தடியில் ஒளித்தும் வைத்திருந்தேன். நானா எஞ்சினை முடுக்கினார். கிளம்பினோம்.

கரை சின்னதாகும் வரைக்கும் எல்லாம் நன்றாக இருந்தது. பெரியசாமி தரையைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றுகூடச் சொன்னார். பிறகு காதைச் சாய்த்தார்.

"மிஷின் முனகுதே."

"நானும் பாக்கிறன். போட் பாரமா ஈக்குது" என்றார் நானா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"பலாப் பலகைங்க. கொஞ்சம் கனமாத்தான் இருக்கும்."

கோகிலா குனிந்தாள். "தரைக்குக் கீழ தண்ணி சலசலங்குது." அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அது வெளித் தண்ணிங்க."

"வெளித் தண்ணி வெளியதானே சலசலக்கும்?"

படகின் மூக்கு தாழ்ந்திருந்தது. இரண்டு பக்கமும் கரை ஒரே தூரம். அந்த ஆறு துளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக என் மண்டையில் திறந்தன. சொன்னால் கல்யாணம் போய்விடும். சொல்லாவிட்டால் நால்வருமே போய்விடுவோம். இதில் எது மேல் என்று யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இன்றைக்கும் என்னைக் கூச வைப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

"மூடியத் தொறந்து பாரு தம்பி" என்றார் நானா.

"மூடி பலகைக்குக் கீழ இருக்கு நானா."

"என்னது? ஜெக்கட்டெல்லாம் எங்க?"

"கரையில. நெறம் சரியா இல்லேன்னு..."

நானா வாயைத் திறந்தார். எஞ்சின்தான் இருமியது. பெரியசாமி ரொம்பப் பொறுமையாகக் கேட்டார்: "தம்பிக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது."

கோகிலா முன்பக்கம் கிடந்த சின்ன நங்கூரத்தை இரண்டு கைகளாலும் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"ஒடைங்க."

"எதை?"

"நீங்க போட்டதத்தான்."

அடித்தேன். என் முகம் தெரிந்த இடத்திலேயே அடித்தேன். ஒன்பது அடிக்குப் பிறகுதான் பலகையும் அடியில் இருந்த மூடியும் பிளந்தன. (வேலை அவ்வளவு உறுதி.) உள்ளே கறுப்பாகத் தண்ணீர், விளிம்புக்கு நான்கு விரல் கீழே. கோகிலா எலுமிச்சம்பழச் சோற்றை நீர்த்தேக்கத்தில் கொட்டிவிட்டுச் சட்டியால் இறைக்க ஆரம்பித்தாள். பெரியசாமி புதுச் சப்பாத்தைக் கழற்றி அதால் இறைத்தார். நான் இரண்டு கைகளாலும் அள்ளினேன். நானா கலிமாவை ஓதிக்கொண்டே படகைத் திருப்பினார். இறைக்க இறைக்க ஊறியது. கணுக்கால் வரைக்கும் வந்தது. எஞ்சின் நின்றது. கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். ஓடிய வேகத்தில் படகு மெல்ல மெல்ல நகர்ந்து, கடைசியில் சேற்றில் போய்ச் செருகியது.

முழங்கால் சேற்றில் இறங்கி, ரோட்டைத் தேடி நடந்தோம். பெரியசாமி ஒற்றைச் சப்பாத்தோடு நடந்தார். மற்றது தண்ணீரோடு தண்ணீராகப் போயிருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

சம்பந்தம் அதோடு முறிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் பெரியசாமி கடைக்கு வந்தார். நான் பலகை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்தேன். இழுத்து வெளியே நிறுத்தினார்.

"புள்ளைக்குச் சம்மதமாம். ஏம்மான்னு கேட்டேன். 'ஒடைங்கன்னேன், ஒடைச்சாரு. சொன்னாக் கேக்குற ஆளுப்பா'ங்குறா."

கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், முப்பது வருஷமாக.

கல்யாணத்துக்குப் பிறகு, நான் வீட்டில் எதிலாவது துளை போட ஆரம்பித்தால் போதும், மாமா இரண்டு கால்களையும் கதிரை மேல் தூக்கி வைத்துக்கொள்வார். அதைப் பார்த்துப் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். போன மாதம் புது மருமகன் முதல் தடவையாக வந்திருந்தபோது, அலுமாரிக் கதவுக்கு ஒரு திருகாணி போட்டேன். அறையில் இருந்த ஏழு பேரும் ஒன்றாகக் காலைத் தூக்கினார்கள்.

பாம்பு என்று நினைத்து அந்தப் பையன் மேசை மேல் ஏறிவிட்டான். இறக்குவதற்குக் கால் மணி நேரம் ஆனது.