நான் அறுக்கச் சொன்ன கொடி

அடுத்த வருடக் கலண்டரில் ஒரு மாதமாவது என் பெயரில் இருக்க வேண்டும். எழுபத்தொரு வயதில் நான் செய்த சபதம் இது. எந்த மாதமென்றாலும் சரி. இருபத்தெட்டு நாள் மாசியைத் தந்தாலும் வாங்கிக்கொள்வேன்.

எங்கள் சுருவில் கிராமத்தில் பிறந்து லண்டனில் குடியிருக்கிறவர்கள் ஒரு சங்கம் வைத்து வருடாவருடம் கலண்டர் அடிக்கிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் ஊரிலிருந்து பன்னிரண்டு படம். போனமுறை தலைப்பு, மாடுகள். பக்கத்து வீட்டுப் பஸ்ரியாம்பிள்ளையின் நாம்பன் ஆவணி மாதத்தைப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து மாடு பேசாமல் நிற்கிறது, பஸ்ரியாம்பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டு திரிகிறார். தை பிறந்த நாளிலிருந்தே அவர் வீட்டுச் சுவரில் ஆவணிதான்.

"முருகேசு அண்ணை, இண்டைக்கு எத்தினையாம் திகதி? எங்கட மாட்டைப் பாத்துச் சொல்லுங்கோவன்" என்று வேலிக்கு மேலால் கேட்பார்.

எப்படிப் பொறுக்கிறது?

இந்த முறைத் தலைப்பு, ‘ஊரில் பூக்கும் கொடிகள்’. கொடிக்குச் சொந்தக்காரரின் பெயரைப் படத்தின் கீழே பெரிய எழுத்தில் போடுவார்களாம். சங்கத்துக்குப் படம் சேர்க்கிற ரஜீபன் வந்து சொன்னான். அன்றைக்கே கோப்பாய்க்குப் போய் அடுக்குச் சங்குப்பூ விதை வாங்கிவந்தேன். நீலமென்றால் மயிலே வெட்கப்படுகிற நீலம்.

படரவிடப் பந்தல் வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே ஒரு பந்தல், கிணற்றடியில். அதிலே யோகம்மாவின் புடலங்கொடி. யோகம்மா என் மனைவி. நான் முப்பது வருடம் பஸ் கொண்டக்டராக இருந்தவன். தீவகத்துச் சனம் முழுவதையும் "உள்ளுக்குப் போ, உள்ளுக்குப் போ" என்று தள்ளியவன். இன்றுவரைக்கும் ஓர் அங்குலம் நகராத ஒரே பிரயாணி யோகம்மாதான்.

அவளாகவே புடலைப் பிடுங்க வேண்டும். அதற்கு ஒரு கதை விட்டேன்.

"இஞ்சாரும், மண்கும்பானில நடந்த சங்கதி தெரியுமோ? புடோல் பந்தலில ஒரு விரியன் ஏறி, காயோட காயாத் தொங்கினதாம். மனுசி அதைப் பிடுங்கி, பாதி அரிஞ்சாப் பிறகுதான் பாம்பெண்டு கண்டதாம்."

"அப்பிடியே?"

"ஓம். இப்ப அங்க பொம்பிளையள் புடோல் எண்டாலே நடுங்கினம்."

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "மற்றப் பாதி என்ன செய்ததாம்?"

"எந்த மற்றப் பாதி?"

"பாம்பின்ர மற்றப் பாதி. இஞ்சால அரிய, அங்கால தலை சும்மாவே பாத்துக்கொண்டு கிடந்தது?"

என் பொய்கள் வழக்கமாக யாழ்ப்பாணம் வரைக்கும் போய்த் திரும்பி வரும். இது பாதி வழியில், அல்லைப்பிட்டியிலேயே காற்றுப்போய் நின்றுவிட்டது.

"உண்மையைச் சொல்லுங்கோ. பந்தல் வேணுமோ?"

"ஓம்."

"அரைவாசி தாறன். ஆனா எங்கட கிணறு உவர். உங்கட பூ கருகிப்போம். பவுசர் லொறியில வாற நல்ல தண்ணியில ஒரு சொட்டுத் தரமாட்டன். பாவிச்ச தண்ணியை ஊத்துங்கோ. அரிசி கழுவினது, சட்டி கழுவினது, உடுப்பின்ர கடைசி அலசல்."

"அது காணும்!"

"பாவிச்ச தண்ணி வேணுமெண்டா ஆராவது பாவிக்க வேணுமெல்லே?" என்றாள், மிக அன்பாக.

அன்று பிடித்த சட்டிதான். மூன்று மாதம். காலையில் சட்டி, மத்தியானம் பானை, பின்னேரம் உடுப்பு. "ஊத்துறதோட ஊத்துறதா பக்கத்தில நிக்கிற புடோலுக்கும் ஒரு வாளி" என்பாள். சரி, பாவம், அதுவும் ஒரு கொடிதானே என்று ஊற்றினேன்.

ஐப்பசியில் சங்குப்பூ பூத்தது. ஒருநாள் காலையில் எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பதினேழு. அதில் இரண்டொன்று வண்ணத்துப்பூச்சியாகவும் இருந்திருக்கலாம்.

ஆனால் படமெடுக்கத்தான் முடியவில்லை. எந்தப் பக்கம் நின்று போனைப் பிடித்தாலும் பின்னால் உடுப்புக் கொடி. அதில் யோகம்மா வீட்டில் போடுகிற நீளச் சட்டையான சோட்டி, பூசணிப்பழம் அளவு சிவப்புப் பூப் போட்டது. முதல் படத்தைப் பார்த்த ரஜீபன், "ஐயா, இதில எது கொடியில பூத்தது?" என்று கேட்டான்.

"இரண்டும் கொடியிலதான் தம்பி" என்று குசினிக்குள்ளிருந்து யோகம்மா பதில் சொன்னாள்.

படம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முதல்நாள் காலை. நல்ல வெளிச்சம், காற்று இல்லை. கதிரையொன்றில் ஏறி நின்று, ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணைப் போனில் வைத்தேன். பின்னால் திரும்பவும் சோட்டி! அதை எடுத்தாலும் கயிறு படத்துக்குக் குறுக்கே கோடாகக் கிடக்கும். அந்த நைலோன் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க எவராலும் ஏலாது. கத்திதான் வழி.

"இஞ்சாரும்! கத்தியோட ஓடி வாரும்! உந்தக் கொடியை அறுத்துவிடும்!"

வந்தாள். "எந்தக் கொடியை?"

"இதென்ன கேள்வி! இடைஞ்சலா நிக்கிற கொடியை!"

"இடைஞ்சலா நிக்கிறதையோ?"

"ஓமப்பா!"

"பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டன், அறும்!"

சரக் என்றது. நான் போனைப் பார்த்தபடி நிற்கிறேன். சோட்டி அசையவில்லை. அதற்குப் பதிலாக வானம் நீலமாக இறங்கி வந்தது. நூற்றுப் பதினேழு பூவும் என் தலையில். அடியோடு அறுத்து ஒரே இழுவையில் இழுத்திருக்கிறாள். கதிரையில் மாலையும் கழுத்துமாக நான், புது மாப்பிள்ளை மாதிரி.

"ஐயோ! நான் சொன்னது உடுப்புக் கொடியையெல்லோ!"

"பூக்கொடிக்குக் கீழ நிண்டுகொண்டு கொடி எண்டால் நான் என்னத்தைக் கண்டன்?" தன் கழுத்துத் தாலிக்கொடியைத் தூக்கிக் காட்டினாள். "நல்ல காலம், இதை அறுக்கேல்லை எண்டு சந்தோசப்படுங்கோ."

கொடியை என் தலையிலிருந்து வழித்துச் சுருட்டி வேலிக்கு அங்கால் போட்டாள். அங்கே நின்றது நாம்பன். ஆவணி மாதத்து முகத்தோடு அசைபோட்டு என் வருடத்தைத் தின்று முடித்தது.

நான் மத்தியானம் சாப்பிடவில்லை. சட்டி மட்டும் கழுவினேன், பழக்கதோசம்.

பின்னேரம் பக்கத்தில் வந்திருந்தாள். "நாளைக்கு விடிய, வெயில் ஏற முதல் எழும்புங்கோ. புடோல் பூத்திருக்கும்."

"கறிக்கொடியைப் படமெடுக்கிறதோ?"

"பாத்திட்டுச் சொல்லுங்கோ."

பார்த்தேன். வெள்ளை வெளேரென்று அஞ்சு இதழ். இதழின் விளிம்பெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, யாரோ இரவிரவாக இருந்து பின்னிய லேஸ் மாதிரி. நாற்பத்தைந்து வருடம் அதன் காயைத் தின்றிருக்கிறேன், பூவின் முகத்தைப் பார்த்ததில்லை. வெயில் பட்டால் சுருண்டுவிடும். அவசர அவசரமாக நாற்பது படம் எடுத்து, நல்லதொன்றை ரஜீபனுக்கு அனுப்பினேன். என் கையால் தண்ணீர் வார்த்த கொடி, என் கையால் எடுத்த படம். பெயர் மட்டும் வேறு யாருடையதாக இருக்கும்?

மார்கழியில் கலண்டர் வந்தது. முதல் பக்கமே எங்கள் படம். தை மாதம்! கீழே பெரிய எழுத்தில், ‘கொடி: திருமதி யோகம்மா.’ படமெடுத்தவன் பெயரைத் தேடினேன். அப்படியொரு வழக்கம் அந்தச் சங்கத்தில் இல்லை.

பஸ்ரியாம்பிள்ளை வேலிக்கு மேலால் கூப்பிட்டார். "முருகேசு அண்ணை, உங்களையும் போட்டிருக்கினம்!"

"எங்க, எங்க?"

"பூவுக்குப் பின்னால பாருங்கோ."

பார்த்தேன். உடுப்புக் கொடி. சோட்டியைக் காணவில்லை, முதல்நாளே எடுத்து மடித்து வைத்துவிட்டாளாம். தன்னந்தனியாகத் தொங்கியது என் பெனியன். ஏழு ஓட்டை. லண்டனில் இருக்கிறவர்கள் கண்ணாடி போடாமலே எண்ணலாம். தோய்த்துப் போட்டவனும் நானே.

யோகம்மா கலண்டரைக் குசினியில், நான் சட்டி கழுவுகிற இடத்துக்கு நேர் மேலே கொழுவினாள். புடோலுக்கு இன்னும் தண்ணீர் வேண்டுமல்லவா? கரியும் கையுமாக நின்று கேட்டேன்.

"யோகம், உண்மையைச் சொல்லும். அண்டைக்கு நான் அறுக்கச் சொன்னது எந்தக் கொடியெண்டு உமக்கு விளங்கேல்லையோ?"

கலண்டர் சரிவாக நிற்கிறதா என்று பார்த்தபடியே சொன்னாள்.

"விளங்கினபடியாத்தானே அறுத்தனான்."