பென்சில் சார் வரைந்த சாப்பாடு

தேனி மாவட்டத்தில் ஆறிப்போன சோற்றை அதிகம் சாப்பிட்ட மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசை பென்சில் சார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டாம் பரிசுக்குத்தான் மற்றவர்கள் மோத வேண்டும். வீட்டில் கவனிக்க ஆளில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, சுடச்சுடச் சமைத்து, மூன்றடுக்குக் கேரியரில் வைத்து, பழனிசெட்டிபட்டியிலிருந்து வருகிற சாப்பாட்டு ஆட்டோவில் ஏற்றிவிடுவார். பன்னிரண்டே முக்காலுக்கு அது மில்லுக்கு வந்து சேரும்போது குழம்பில் ஆவி பறக்கும். அந்த ஆவி முழுக்க அடங்கிய பிறகுதான் பென்சில் சார் சாப்பிடுவார். நடுவில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. அந்தச் சாப்பாட்டைப் படமாக வரைய வேண்டும்.

தேனியிலிருந்து சின்னமனூர் போகிற சாலையில் ஒரு நூற்பு மில்லில் நான் ஒன்பது வருஷம் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன். அவர் அங்கே ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். பேரிங், பெல்ட், பாபின் என்று எது வேண்டுமானாலும் அவரிடம்தான் போக வேண்டும். காதோரத்தில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஒருமுறை அவருக்கு வந்த ரிஜிஸ்டர் தபாலை, அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று வாட்ச்மேன் திருப்பியே அனுப்பிவிட்டார்.

மதியம் ஒரு மணிக்கு மணி அடித்ததும் கேரியரைத் திறந்து மூன்று அடுக்குகளையும் மேஜையில் வரிசையாக வைப்பார். தாள் பறக்காமலிருக்க ஃபேனை நிறுத்துவார். டிராயரிலிருந்து ஒரு நோட்டும், பழைய ஜாமெட்ரி பாக்ஸில் அடைத்த கலர் பென்சில்களும் வெளியே வரும். சாப்பாட்டு நேரம் அரை மணிதான். அதில் இருபது நிமிஷம் வரைவார், பத்து நிமிஷம் சாப்பிடுவார். நாங்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து வேர்வை வடியச் சாப்பிடுவோம்.

உள்ளதை உள்ளபடி வரைவதில் அவர் மகா கறார். வடை ஒரு ஓரம் கருகியிருந்தால் அந்தக் கருப்பும் படத்தில் இருக்கும். தயிர்சாதத்தில் ஒரு நாள் ஈ உட்கார்ந்தது. விரட்டிவிடுவார் என்று பார்த்தால், அது பறக்கிறதுக்குள் வரைந்துவிட வேண்டும் என்று கை வேகமாகப் போனது. இன்னொரு நாள் மேனேஜர் அந்தப் பக்கம் வந்தவர், பேசிக்கொண்டே மேல் அடுக்கிலிருந்து ஒரு பருப்பு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சார் வடை இருந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, 'மேனேஜர் எடுத்த இடம்' என்று எழுதினார். அதன் பிறகு மேனேஜர் ஸ்டோர்ஸுக்குள் வருவதென்றால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் வருவார்.

போன் இருக்கிற காலத்தில் இது என்ன கூத்து, ஒரு போட்டோ எடுத்தால் ஒரு செகண்டில் முடிந்ததே என்று நான்தான் ஒருமுறை யோசனை சொன்னேன். அவர் அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மறுநாள் போட்டோ எடுத்தும் பார்த்தார். போனை அப்படியும் இப்படியும் திருப்பிவிட்டு, "இதுல வாசம் வரலம்மா" என்றார். வரைந்தால் மட்டும் வருமா என்று கேட்டேன். "வரையிற வரைக்கும் அது பக்கத்துலயே இருக்குல்ல" என்றார். எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டேன்.

படத்துக்குக் கீழே தேதி போட்டு ஒரு வரி எழுதுவார். 'வெண்டைக்காய். வழுவழுப்பு போகலை.' 'கருவாட்டுக் குழம்பு, ரெண்டாம் நாள். நேத்தைவிட ருசி.' 'புட்டும் கடலையும். கம்பத்திலிருந்து மாமியார் வந்திருக்காக.' ஒரு நாள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது, 'ரசத்தில் கோபம் இருக்கு' என்று எழுதியிருந்தது. காலையில் வீட்டில் ஏதாவது சண்டையா சார் என்று கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை, ஆனால் இருக்கும் போலத் தெரிகிறது, சாயங்காலம் போய்த்தான் பார்க்கணும் என்றார்.

இப்படிப் பதினோரு வருஷத்து நோட்டுகள் ஸ்டோர்ஸ் அலமாரியில் பெல்ட்டுகளுக்கு நடுவே அடுக்கியிருந்தன. வீட்டில் யாருக்கும் தெரியாது. மறைக்க வேண்டும் என்றில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு ஐப்பசி மழையில் ஸ்டோர்ஸ் கூரை ஒழுகி, நோட்டுகள் நனைந்துபோயின. ஒரு சனிக்கிழமை அத்தனையையும் சாக்கில் கட்டி வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் நல்ல வெயில். மொட்டை மாடியில் ஒவ்வொன்றாக விரித்துவைத்துவிட்டுக் கறி வாங்கக் கடைக்குப் போய்விட்டார்.

மதினி துணி காயப்போட மாடிக்கு ஏறினார். அவருடைய பதினோரு வருஷச் சமையல் மாடி முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. காற்றும் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டியது. தீய்ந்த தோசை, குழைந்த சாதம், உப்புக் கூடிய கூட்டு எல்லாம் தேதியோடு இருந்தன.

திங்கட்கிழமை மதியம் கேரியர் வழக்கம்போல வந்தது. சார் ஃபேனை நிறுத்திவிட்டுத் திறந்தார். கீழ் அடுக்கு காலி. நடு அடுக்கும் காலி. மேல் அடுக்கில் ஒரு புது ரப்பர் இருந்தது, பென்சிலை அழிக்கிற ரப்பர். அவர் அந்த மூன்று அடுக்குகளையும் இருபது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பூட்டிவிட்டு, ஃபேனைப் போட்டார்.

அன்றைக்கு எங்கள் சாப்பாட்டில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தோம். மறுநாளிலிருந்து ஹோட்டல் பார்சல். நோட்டைத் திறந்து பென்சிலை எடுப்பார், பார்சலைப் பார்ப்பார், பென்சிலை வைத்துவிடுவார். இதில் என்ன எழுதுவது, யார் சமைத்தது என்றே தெரியலையே என்றார். மூன்றாம் நாள் வரையாமல் சாம்பாரை நேரே வாயில் வைத்து, நாக்கைச் சுட்டுக்கொண்டார். பதினோரு வருஷமாக ஆறினதையே சாப்பிட்ட நாக்கு. இரண்டு நாளைக்கு அவர் பேசியது யாருக்கும் விளங்கவில்லை. அவர் பேசுவதே குறைவு என்பதால் வேலைக்குப் பெரிய பாதிப்பு இல்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் வீடு. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு போனேன். சார் வீட்டில் இல்லை. மதினி முகம் கொடுத்தே பேசினார். நோட்டுகள் எல்லாம் வருஷவாரியாக ஃபிரிட்ஜுக்கு மேலே அடுக்கியிருந்தன. அத்தனையையும் படித்துவிட்டாராம்.

தீய்ந்ததை எல்லாம் வரைந்துவிட்டார் என்றுதான் கோபமா என்று கேட்டேன். ரப்பர் வைத்தது முதல் நாள் கோபத்தில்தான், அது அன்றைக்கே போய்விட்டது, இப்போது இருப்பது வேறு வருத்தம் என்றார். பிறகு ஒரு நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். சாதத்துக்குப் பக்கத்தில் இரண்டு குட்டித் தோசை. கீழே, 'பாப்பா சாப்பிடாமப் போயிருக்கு. பரீட்சைப் பயம்.' மகள் காலையில் விட்டுப்போன தோசையை வீணாக்க வேண்டாம் என்று மதினி கேரியரில் வைத்திருக்கிறார். கேரியரைத் திறந்தவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

இன்னொரு பக்கம். ஒரு புளிக்குழம்பு, அதில் வெங்காயம் பெரிது பெரிதாக மிதக்கிறது. கீழே எழுதியிருந்ததை மதினி எனக்குப் படித்தே காட்டினார்: 'வெங்காயம் பெருசா இருக்கு. கையில ஏதோ பட்டிருக்கு.'

"அன்னைக்கு எனக்கு எண்ணெய் தெறிச்சு விரல் வெந்துபோச்சு ஆத்தா. சாயங்காலம் இவுக வாறப்பவே மருந்தோட வந்தாக. எப்படித் தெரியும்னு நானும் கேக்கல, இவுகளும் சொல்லல."

சொல்லிவிட்டு நோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டார். "தினமும் எப்படி இருந்துச்சுன்னு கேப்பேன். 'ம்'ங்கிறது ஒண்ணுதான் பதில். இந்த நோட்டுக்கிட்ட மட்டும் இம்புட்டுப் பேசியிருக்காக. இதுல பாதிய என்கிட்ட சொல்லியிருந்தா என்ன?" என்றார்.

சாரை எங்களுக்கும் தெரியும். பேரிங் இருக்கா என்றாலும் 'ம்', இல்லையா என்றாலும் 'ம்'. அதையே மெதுவாகச் சொன்னேன். மதினி சிரிக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து சாப்பாடு வரும், ஆனால் சாப்பிட்டதும் போன் பண்ணி வாயால் சொல்ல வேண்டும், வரைவதை முன்னால் வரைந்துகொள்ளட்டும், எழுதுவதைப் பின்னால் எழுதிக்கொள்ளட்டும் என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை வந்தது. சார் வரைந்தார், சாப்பிட்டார், கை கழுவினார். போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போனார். நாங்கள் யாரும் நகரவில்லை. மேனேஜர் ஒரு ஃபைலைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றார் சார்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. நெற்றி வேர்த்தது. "அவரைக்காய்" என்றார். மறுபடியும் ஒன்றும் இல்லை. "நல்லா இருந்துச்சு."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல, உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றவர், அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "தேங்காய்தான் கொஞ்சம் கூட."

நாளைக்கு இன்னொரு ரப்பர் வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் போனிலிருந்து மதினி சிரித்த சிரிப்பு ஜன்னல் ஓரத்திலிருந்து எனக்கே கேட்டது. "மதி மதி, வைங்க" என்றார், போதும் என்பதற்குக் கம்பத்துக்காரர்கள் மலையாளத்தைக் கடன் வாங்கிச் சொல்கிற மாதிரி. சார் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு பஞ்சுப் பொதியைத் தனியாகத் தூக்கி இறக்கியவர்போல உட்கார்ந்தார். பிறகுதான் நோட்டில் எழுதினார்.

முதல் மாதம் அந்தப் போன் அரை நிமிஷத்தில் முடிந்தது. தை மாதம் ஐந்து நிமிஷம் ஆனது. சித்திரையில் சாப்பாட்டைப் பற்றிய பேச்சு முடிந்து, மோட்டார் ரிப்பேர், மகள் கல்லூரி, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தால், மேனேஜர் ஸ்டோர்ஸ் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போய்விடுவார்.

நான் மில்லை விட்டு, வெளியூருக்குக் குடிபோய் இரண்டு வருஷமாகிறது. சாரும் போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் ஒரு மதியம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று சொன்னதை மதினி காதில் வாங்கவில்லை. எனக்கும் ஒரு தட்டு வந்தது. சார் வரைந்துகொண்டிருந்தார். மதினி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கன ஒரு கருவேப்பிலை இருக்குல்ல, அத விட்டுட்டீகளே."

"வருது, வருது. மொதல்ல மொச்சைய முடிச்சுக்கிறேன். இன்னைக்கு மொச்சை நல்லா வெந்திருக்கு. நேத்து ஏன் அப்படி இருந்துச்சு?"

நேற்று ஏன் அப்படி இருந்தது என்று மதினி சொல்ல ஆரம்பித்தார். அவர் இடையில் ஏதோ கேட்டார். நான் சாப்பிட்டு, தட்டைக் கழுவிவைத்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொன்னது இரண்டு பேர் காதிலுமே விழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே பென்சில் சார் பேசிக்கொண்டே இருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.