அக்கரைப் பூச்சி

பூச்சி கிடைத்துவிட்டது. ஆனால் தப்பான கரையில் கிடைத்திருந்தது.

சிவகாமி சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு ஓடையின் நடுவில் நின்றாள். அக்கரைப் புல்லில் இலைக்கு இலை ஒரு வெள்ளைக் கோடு, ஊசியால் கீறி விட்டதுபோல. ஒரு இலையை வளைத்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே பச்சைப் புழு ஒன்று நெளிந்தது.

"அதேதாங்க!" என்று கத்தினாள்.

கரையில் கரும்புக் கத்தியோடு நின்ற அவள் புருஷன் சின்னன், "எது?" என்றான்.

"எவெலின் மாம்செல் தேடுற பூச்சியோட புழு!"

"அப்ப ஒரு பிடி அறுத்துக்கிட்டு வா. போகலாம்."

"எப்படிங்க? அந்தக் கரை கிராண்ட் போர் ஆச்சே!"

ஓடைக்கு மேற்கே சவான் மாவட்டம், கிழக்கே கிராண்ட் போர். இது ஊரில் எல்லாரும் அறிந்த சங்கதி. எல்லை எங்கே என்று கேட்டால் குழந்தைகூட ஓடையைத்தான் காட்டும்.

எவெலின் மாம்செல் போ பசான் ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. மொரீசுத் தீவில் எந்த மாவட்டத்தில் என்ன அந்துப்பூச்சி இருக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் புல் பூச்சி மற்ற மாவட்டம் எல்லாவற்றிலும் கிடைத்தாயிற்று. சவானில் மட்டும் இல்லை. புத்தகம் அச்சுக்குப் போக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து கடைசியாக ஒரு தடவை தேடிப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

முதன்முதலில் அவர் சிவகாமி வீட்டுக்கு வந்தது மழைக்கு ஒதுங்கத்தான். பேச்சுவாக்கில் தன் பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். பெட்டிக்குள் ஊசியில் குத்தியிருந்தது வெறும் அரிசிக் குருணை என்றுதான் சிவகாமி நினைத்தாள். கண்ணாடி வழியே பார்த்தாள். பாலில் நனைத்த பட்டுபோல் இரண்டு சிறகு. குறுக்கே வெள்ளி ஒட்டியாணம். ஓரமெல்லாம் மயிரிழைக் குஞ்சம். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு யார் உட்கார்ந்து இத்தனை வேலைப்பாடு செய்தது? அன்றைக்கு அடுப்பில் சோறு கருகியது. அவளுக்கு வாசனைகூடத் தெரியவில்லை.

அதிலிருந்து அவளுக்கு ஒரே ஆற்றாமை. எல்லா மாவட்டத்துக்கும் கொடுத்த சாமி சவானுக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை? மாட்டுக்குப் புல் அறுக்கப் போனால் அறுப்பதை விட்டுவிட்டு இலை இலையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாடு பாதி வயிற்றோடு கத்தும்.

"இதுக்கா கவலை?" என்றான் சின்னன். "நாலு தூறு பிடுங்கி நம்ம கரையில நட்டுடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும். மாம்செல்கிட்ட நான் பொய் சொல்லவா? அது தானா பறந்து வரணும்."

"தானாத்தானே வரணும்? நான் வரவழைக்கிறேன் பாரு!"

சாயங்காலம் சின்னன் ஓடைக்கரையில் ஒரு கம்பு நட்டு அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டான். ஈசல் வந்தது. வண்டு வந்தது. குருணைப் பூச்சி வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பொன்னம்மா வந்தாள்.

"என்னடி சிவகாமி, ஓடைக்கரையில விளக்கு வச்சிருக்கே? என்ன வேண்டுதல்?"

"வேண்டுதல் எல்லாம் இல்லைக்கா. அக்கரையிலேருந்து ஒண்ணு இங்க வரணும். அதுக்குத்தான்."

பொன்னம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பார்த்தால் கம்பைச் சுற்றி மஞ்சள் துணி. கீழே எலுமிச்சம்பழம், வெற்றிலை. ஊர்ப் பெண்கள் ஆளாளுக்குக் கற்பூரம் ஏற்றினார்கள். ஓடை முழுக்கப் புகை.

"இந்தப் புகையில கொசுவே நிக்காது. என் பூச்சி எப்படிங்க வரும்?" சிவகாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ சும்மா இரு. ஒரே வார்த்தையில எல்லாரையும் விரட்டிடறேன்" என்ற சின்னன், ரிவியேர் தே ஸாங்கீய் சந்தைக்குப் போய்க் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம், "ஓடைப் பக்கம் போயிடாதீங்க, பெரிய பாம்பு கிடக்கு" என்று சொல்லி வைத்தான்.

அந்தத் தீவில் பாம்பைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பாம்பு என்றால் பயப்பட, முதலில் பாம்பு பழகியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் பால் சொம்பும் முட்டையுமாக ஓடைக்கரையில் கூட்டம் நெரிந்தது. "நாகம்மா கப்பலேறி நம்மளத் தேடி வந்துட்டா!" என்று பொன்னம்மா கும்மியடித்தாள். மாயெபூரிலிருந்து மேளம்கூட வந்து இறங்கியது.

சிவகாமி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "மாம்செல் வர்ற நேரமாச்சு. இந்தக் கரையில ஒரு புல்லுகூட நிமிர்ந்து நிக்கலையே!"

சின்னனுக்கு மனசு தாங்கவில்லை. இந்தக் கரையைக் காலி செய்தால் போதும் என்று அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தோன்றியது. ஒரு பாறைமேல் ஏறினான்.

"பாம்பு அக்கரைக்குப் போயிடுச்சு! அதோ போவுது பாரு!"

"ஐயோ, வேணாங்க!" என்று சிவகாமி எழுந்து ஓடுவதற்குள், மேளம் முன்னே போக, பால் சொம்புகள் பின்னே வர, மொத்தக் கூட்டமும் ஓடையில் இறங்கி அக்கரை ஏறியது. நேரே அந்தப் புல்லுக்குள்.

"மிதிக்காதீங்க! அது பாம்பில்லை! மிதிக்காதீங்க!" அவள் முழங்கால் தண்ணீரில் நின்று கதறினாள். மேளச் சத்தத்தில் யார் காதில் விழும்?

மேட்டில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. எவெலின் மாம்செல் குடையோடு இறங்கினார். வண்டிக்காரர் ரோபெர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். நில அளவைக்காரர்களுக்குச் சங்கிலி பிடித்தே பாதி வயதைக் கழித்த கிரியோல் கிழவர் அவர்; ஊருக்கெல்லாம் 'தொந்தோன்', அதாவது மாமா. கீழே நடப்பதைப் பார்த்து இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அப்போதுதான் அது நடந்தது.

மிதிபட்ட புல்லிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது. முதலில் தூசி என்று நினைத்தார்கள். தூசிக்கு ஏது அந்த மினுமினுப்பு? ஒவ்வொரு காலடிக்கும் ஒரு கொத்து எழுந்தது. இடுப்பு உயரம், தலை உயரம், அதற்கும் மேலே. சாய்ந்த வெயில் பட்டதும் ஓடைமேல் வெள்ளியை அரைத்துத் தூவினாற்போல ஆயிற்று. மேளக்காரர் கை தானாக நின்றது. பொன்னம்மா கும்பிட்ட கையை இறக்க மறந்து, வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்தாள். எப்போதும் கிழக்கிலிருந்து அடிக்கிற காற்று அன்றைக்கும் கிழக்கிலிருந்துதான் அடித்தது. அந்த மினுமினுப்பு முழுவதையும் அது மெல்லத் தள்ளி, தண்ணீருக்கு மேலாக, சிவகாமியின் தலைக்கு மேலாக, இக்கரைக்குக் கொண்டுவந்தது.

சிவகாமி மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் பின்னால் நடந்து கரையேறினாள். அவள் முன்கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. பார்த்தால் மாவு ஒட்டினாற்போல இருந்தது. எடையே இல்லை. ஆனால் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

எவெலின் மாம்செல் ஓட்டமாக வந்தார். பூதக்கண்ணாடியைப் பிடித்து அவள் கைமேல் குனிந்தார்.

"ஒட்டியாணம் இருக்கா, மாம்செல்?" என்று சிவகாமி முணுமுணுத்தாள், பலமாகப் பேசினால் பறந்துவிடுமோ என்று.

எவெலினுக்குத் தமிழ் புரியும். ஆமென்று தலையை ஆட்டினார். சின்னக் கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துப் பூச்சியை மூடினார். பிறகு சிவகாமியை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"சவானிலும் உண்டு," என்றார் கிரியோலில். "கண்டவர் சிவகாமி. அப்படித்தான் அச்சில் வரும்."

சிவகாமி அழுதாள், சிரித்தாள். சின்னனுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியைச் சுமந்து நின்ற ரோபெரைப் பிடித்துக்கொண்டு, விளக்கு வைத்தது, புகை வந்தது, பாம்பு விட்டது என்று வரிசையாகச் சொல்லி முடித்தான்.

"இத்தனை பாடும் எதுக்கு, தொந்தோன்? அந்தப் பூச்சி கிராண்ட் போரிலேருந்து ஓடையைத் தாண்டி நம்ம சவானுக்கு வரணுமேன்னுதான்!"

ரோபெர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அக்கரையைப் பார்த்தார், இக்கரையைப் பார்த்தார்.

"அது எதுக்குத் தாண்டணும்? பெரிய சூறாவளி வெள்ளத்துல ஓடைதானே இடம் மாறி இந்தப் பக்கம் வந்துச்சு, எல்லைக் கல்லு இன்னும் அக்கரைக் கரும்புத் தோட்டத்துக்கும் அப்பாலதானே நிக்குது."