நாய்க்கு அரைக் கிலோ

கொக்கியில் தொங்கிய ஆட்டுத்தொடையை அமல்ராஜ் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் மாமனாரின் செருமல் கேட்டது.

"என்ன மாப்ள, இங்கிட்டு?"

தவக்காலம். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் அந்த ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் கறிச்சட்டி பரணுக்குப் போய்விடும். அதிலும் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மாமனார் மரியசூசையோ கோயில் ஜெபங்களை முன்னின்று நடத்துகிற உபதேசியார். தெருவில் எங்காவது மசாலா வாசனை வந்தாலே நின்று விசாரிக்கிறவர்.

"சும்மாதான் மாமா. நீங்க?"

"கீரை வாங்க வந்தேன்." மஞ்சப்பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நான் கேட்டது ஒங்கள."

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த உண்மை பொய்யைவிடக் கேவலமாக இருந்தது.

இலுப்பூர் உரக்கடையில் பில் போடும் அமல்ராஜுக்கு நாற்பது வயதுக்கு மேல் படம் வரையும் ஆசை வந்துவிட்டது. போன வருடம் பெரிய வெள்ளிக்காகச் சிலுவையில் அறையுண்ட ஆண்டவரை ஆளுயரத்துக்கு வரைந்து கோயிலுக்குக் கொடுத்தார். கைகள் இரண்டும் புடலங்காயாக வந்திருந்தன. ஜெபத்தின் நடுவே பிள்ளைகள் வரிசையில் கிளம்பிய சிரிப்பு, பெண்கள் பக்கம் பரவி, பாட்டுக்காரர்கள் வரை போனது. எல்லாரும் கலையும் வரை தூணுக்குப் பின்னாலேயே நின்ற அமல்ராஜ், அதன்பின் சந்தையில் புடலங்காய் இருக்கும் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

இந்த வருடமும் பங்குச் சாமியார் அவரையே நம்பிப் படத்தை ஒப்படைத்திருந்தார். இதிலும் மானம் போனால் ஊரில் இருக்க முடியாது. ஆகவே கைபேசியில் வீடியோ பார்த்துப் படிக்கத் தொடங்கினார். "தோலுக்கு அடியில் சதை எப்படி ஓடுகிறதென்று தெரியாமல் கை வரையாதீர்கள்" என்றார் வீடியோ வாத்தியார். சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன் நின்று பார்த்தார். ஓடுகிற சதை எதுவும் தென்படவில்லை. இருந்ததெல்லாம் இடுப்பில் உட்கார்ந்திருந்தது.

வேலைக்குப் போகும் வழியில் ராசுவின் கறிக்கடை. தோலுரித்த தொடையில், எந்தச் சதை எங்கே கிளம்பி, எதற்கு அடியில் நுழைந்து, எந்த வெள்ளை நரம்பில் போய் முடிகிறதென்று பளிச்சென்று தெரிந்தது. தினமும் நின்று பார்ப்பார், வீட்டுக்குப் போய் வரைவார். ஆண்டவரின் கைக்காக ஆட்டின் காலைப் படிக்கிறேன் என்று ஓர் உபதேசியாரிடம் எப்படிச் சொல்வது?

"நாய்க்கு மாமா," என்றார்.

"ஒங்க வீட்ல ஏது நாயி?"

"வாங்கப்போறேன்."

சொன்னதற்காக அரைக் கிலோ வாங்க வேண்டியதாயிற்று. ராசு மாமனாரை ஒருமுறை, மருமகனை ஒருமுறை பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு பொட்டலம் கட்டினான்.

சாயங்காலமே குளத்தூருக்குப் போய் நண்பர் வீட்டு நாயொன்றைக் கெஞ்சி வாங்கி வந்தார். மனைவி ஜெனிபர் வாசலிலேயே மறித்தாள்.

"மனுசருக்கே கறி இல்லாத மாசத்துல நாய்க்குக் கறியா?"

"ஒங்கப்பாகிட்ட சொல்லிட்டேன் ஜெனி. இனி மாத்த முடியாது."

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கறியை வேகவைத்தாள். மணம் தெருக்கோடி வரை போனது. மறுநாள் காலையிலேயே மரியசூசை, கோயிலில் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பெடுக்கும் பிளெஸ்ஸி டீச்சரையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாய் வாலாட்டி அருகே வந்ததும் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அங்கிட்டு இழுங்க மாப்ள. எனக்கு நாயின்னாலே ஆகாது. எங்க வம்சத்துலயே நாய் வளத்தது கெடையாது. ம், கறியப் போடுங்க, பாப்போம்."

அமல்ராஜ் தட்டை வைத்தார். நாய் மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், ஜெனிபர் கோழிக்கு வைத்திருந்த தயிர்சோற்றைத் தின்னத் தொடங்கியது. நண்பர் வீடு சுத்த சைவம் என்பது அப்போதுதான் அமல்ராஜுக்கு நினைவு வந்தது.

"நாயே தவக்காலம் காக்குது," என்றார் மாமனார் நிதானமாக. "அப்ப அந்தக் கறி யாருக்கு மாப்ள?"

ஜெனிபர் விருட்டென்று உள்ளே போய்விட்டாள். அமல்ராஜுக்கு அதுதான் தாங்கவில்லை. வேறு வழியின்றி, வரைந்த தாள்களையெல்லாம் கொண்டுவந்து வைத்து, உண்மையைச் சொன்னார்.

பிளெஸ்ஸி டீச்சர் ஒரு தாளை நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"இதுல ஆண்டவர் எதுங்க, ஆடு எதுங்க?"

"ஆண்டவரு கைக்கு ஆட்டுத்தொடையா?" மரியசூசை சிலுவை போட்டுக்கொண்டார். "நாக்கை அடக்கத் தெரியாதவரு வரையுற படம் கோயிலுக்கு வேணாம். இந்த வருசம் பிளெக்ஸ் அடிச்சுக்கிடலாம். சாமியார்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

ஞாயிறு பூசையில் அமல்ராஜ் கடைசி வரிசையில் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. புடலங்காய்க்குச் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கக்கூட இல்லை, நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

திங்கட்கிழமை, நாயைத் திருப்பிக் கொடுக்கப் போகிற வழியில் கறிக்கடை முன் நின்றார்.

"ராசு, இனிமே இங்கிட்டு வந்து நிக்க மாட்டேன். நாய்க்குன்னு ஒரு பொய்யைச் சொல்லி மானமே போச்சு. ஊருக்குள்ள தலைகாட்ட முடியல."

ராசு கத்தியைக் கீழே வைத்தான். அவரைப் பார்த்தான், கயிற்றில் நின்ற நாயைப் பார்த்தான். அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்துவிட்டது.

"இதுக்கா சார் இம்புட்டு வெக்கம்? தவக்காலம் வந்துட்டா ஒங்க மாமனாரு வெள்ளி தவறாம நாய்க்குன்னு சொல்லித்தான் கறி வாங்கிட்டுப் போறாரு. அதுக்காக நெசமாவே ஒரு நாயப் புடிச்சுட்டு வந்தவரு, நீங்க ஒருத்தர்தாங்க."